பதில் சொல்பவரைப் பின்தொடருங்கள்: ஜாஸ், ப்ளூஸ் கலைஞர்களைத் தேடுவதும் பரிந்துரைப்பதும்

"நல்ல ஜாஸ் கலைஞர் ஒருவரைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், தெரிந்தவர்கள் ஐந்தாறு பெரிய பெயர்களை ஒப்பித்துவிடுவது வழக்கம். கேட்டவரும் அவற்றைக் குறித்துக்கொண்டு போய், முதல் பெயரைத் தேடி, கைக்கு அகப்பட்ட பதிவை ஓடவிட்டு, பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, "இது நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார். இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். என் சித்தப்பா மகனிடம் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பெரிய மேதை என்று சொல்லி, அவர் 1965-இல் இன்னும் பத்துப் பேருடன் சேர்ந்து வாசித்த, ஏறத்தாழ 40 நிமிடம் நிற்காமல் ஓடும் 'அசென்ஷன்' என்ற பதிவை முதல் பாடமாகக் கொடுத்தேன். "அடுக்களையில் பாத்திர அடுக்கு சரிந்து விழுந்த மாதிரி இருக்குண்ணா" என்று திருப்பிக் கொடுத்தவன், அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் என்னிடம் இசையைப் பற்றிப் பேசவே இல்லை. கோல்ட்ரேன் மேதை என்பதில் பிழையில்லை. மேதையின் பெயரைச் சொன்னதோடு பரிந்துரை முடிந்துவிட்டது என்று நான் நினைத்ததுதான் பிழை.

இந்த இசையைப் பற்றிப் பொதுவாகப் பேசப்படும் இரண்டு கருத்துகளும் தேடலுக்குக் குறுக்கே நிற்கின்றன. ஜாஸ் என்றால் ஆளாளுக்குத் தோன்றியதை வாசிப்பது என்பது ஒன்று. ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இரண்டும் நீடித்து நிற்கின்றன. ஆனால் தோன்றியதை வாசிப்பதுதான் ஜாஸ் என்றால் ஒருவரைக் கேட்டபின் அடுத்து யாரைக் கேட்பது என்று சொல்ல வழியே இல்லை. சோகம்தான் ப்ளூஸ் என்றால் எல்லாச் சோகப் பாட்டும் ஒரே வரிசையில் வந்துவிடும். உண்மையில் இந்த இசைக்குள் ஒரு சட்டகம் இருக்கிறது, அந்தச் சட்டகத்துக்குள் இன்னொருவர் பேசுவதற்கென்றே விடப்பட்ட ஓர் இடமும் இருக்கிறது. அடுத்த கலைஞரை நமக்குக் காட்டிக்கொடுப்பது அந்த இடம்தான்.

புள்ளிகள் ஒன்றே, கோலங்கள் வேறு

மார்கழி மாதத்துக் காலையில் ஒரே தெருவில் நான்கு வாசல்களில் ஏழு புள்ளி, ஏழு வரிசை என்று ஒரே கணக்கில் புள்ளி வைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் புள்ளிகளைச் சுற்றிக் கம்பி வளையும் விதம் வாசலுக்கு வாசல் மாறும். ஒருவர் சிக்கலாக இழுப்பார், ஒருவர் இரண்டே வளைவில் முடிப்பார். புள்ளிகளைப் பார்க்கத் தெரியாதவருக்கு நான்கும் தொடர்பற்ற நான்கு படங்கள். பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரே கணக்குக்கு நான்கு கைகள் எழுதிய நான்கு விடைகள்.

ஜாஸிலும் ப்ளூஸிலும் புள்ளிகள் முன்கூட்டியே வைக்கப்பட்டுவிடுகின்றன. கம்பிதான் அந்த நேரத்தில் இழுக்கப்படுகிறது. கர்நாடக இசைக்காரர்கள் மனோதர்மம் என்று சொல்வதை, அதாவது முன்பே எழுதி வைக்காமல் ஒரு வரம்புக்குள் நின்று அந்தக் கணத்தில் இசையை உருவாக்குவதை, ஜாஸ் கலைஞர் இந்தப் புள்ளிகளின்மீதுதான் செய்கிறார். புள்ளிகளின் அமைப்புகள் பல உண்டு. அவற்றில் மிக எளியதும் மிகப் பரவலானதும் பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்பது.

பன்னிரண்டு பார் என்பது என்ன?

பார் என்பது தாளக் கணக்கின் ஓர் அலகு. இங்கே ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. பன்னிரண்டு பார் என்றால் 48 எண்ணிக்கை. இந்த 48 முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஒருமுறை முழுதாகச் சுற்றி வருவதற்குக் கோரஸ் என்று பெயர். நாம் இக்கட்டுரையில் அதைச் சுற்று என்றே சொல்லலாம். மிதமான வேகத்தில், நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 24 வினாடி ஆகும். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடியது என்பதால், அந்த வேகத்தில் ஒரு பக்கத்தில் ஏழு சுற்றுகள்தான் அடங்கும். ஒவ்வொரு வினாடிக்கும் போட்டி இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

நம் தாளத்தின் ஆவர்த்தனமும் இப்படித்தானே திரும்பத் திரும்பச் சுழல்கிறது என்று தோன்றலாம். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆவர்த்தனத்தில் சுழல்வது காலக் கணக்கு மட்டுமே. சுருதி அசையாமல் நிற்கும். ப்ளூஸில் பின்னணிச் சுரங்களும் சேர்ந்து நகர்கின்றன. பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் தொகுதியைக் கார்ட் என்பார்கள். தமிழில் சுரக்கூட்டு எனலாம். பன்னிரண்டு பாரில் மூன்றே சுரக்கூட்டுகள். ச-வின்மீது எழும் கூட்டை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு பார் வீட்டிலேயே கழியும். ஐந்தாவது, ஆறாவது பாரில் ம-வின்மீது எழும் கூட்டுக்கு, அடுத்த தெருவுக்குப் போவதுபோல, நகரும். ஏழு, எட்டில் வீடு திரும்பும். ஒன்பதாவது பாரில் ப-வின்மீது எழும் கூட்டுக்கு, ஊர் எல்லைவரை, போகும். பத்தாவதில் மீண்டும் ம. பதினொன்றும் பன்னிரண்டும் வீடு. ஐந்தாவது பாரில் தரை லேசாக நகர்வதையும் ஒன்பதாவது பாரில் ஓர் இழுவிசை கூடுவதையும் நான்கைந்து முறை கேட்டால் காது தானே கண்டுகொள்ளும். விரல்விட்டு எண்ண வேண்டிய தேவையில்லை.

பாடல் வரிகளும் இந்த அமைப்போடு ஒட்டியே நிற்கும். முதல் வரியைப் பாடி, அதையே சிறு மாற்றத்தோடு மீண்டும் பாடி, மூன்றாவது வரியில் முடிச்சை அவிழ்ப்பது மரபு. விளக்கத்துக்காக நானே கட்டிய ஒன்று:

கூலி வாங்கப் போனேன், முதலாளி ஊரில் இல்லை,
அட, கூலி வாங்கப் போனேன், முதலாளி ஊரில் இல்லை;
வாசலில் நாய் வாலாட்டிச்சு, அதுக்கும் இன்னும் சோறில்லை.

ஒரு வரிக்கு நான்கு பார் என்று மூன்று வரிக்குப் பன்னிரண்டு. ஆனால் வரி நான்கு பாரையும் நிரப்புவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாடுபவரின் குரல் ஏறத்தாழ இரண்டரைப் பாரில் முடிந்துவிடும். மிச்சம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் கிதாரோ, ட்ரம்பெட்டைப் போன்ற கார்னெட்டோ, மவுத் ஆர்கனோ பதில் சொல்லும். தனியாகப் பாடுபவர்கூடத் தம் கிதாரையே பதில் சொல்ல வைப்பார். வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடும் வேலைப் பாட்டுகளிலிருந்தும், தேவாலயத்தில் போதகருக்குச் சபை மறுமொழி கூறும் வழக்கத்திலிருந்தும் வந்த கறுப்பின அமெரிக்கர்களின் பழக்கம் இது. இந்த அழைப்பும் பதிலும் என்ற அமைப்பைப் பிடித்துக்கொண்டவருக்கு மற்றவை எல்லாம் எளிதாகும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: 48 எண்ணிக்கையில் சுழலும் ஒரு சட்டகம், அதில் மூன்று சுரக்கூட்டுகள், மூன்று வரிகள், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் பதிலுக்கான இடம்.

சோகம் மட்டும்தானா?

மேலே உள்ள நாய்க்குச் சோறில்லாத வரியைப் படித்தபோது லேசாகச் சிரிப்பு வந்திருக்கும். ப்ளூஸின் இயல்பே அந்தச் சிரிப்பு. துயரம் பாட்டின் பொருளாக இருக்கலாம். பாடப்படும் தொனியில் கிண்டல், வீம்பு, காமம், ஆடத் தூண்டும் துள்ளல் என எல்லாம் உண்டு. அது பிறந்து வளர்ந்த மிசிசிப்பிக் கிராமங்களில் சனிக்கிழமை இரவு மக்கள் ஆடுவதற்கு வாசித்த இசை அது. ஒப்பாரியோடு ஒப்பிடுவது நம்மவர்களிடையே வழக்கமாகிவிட்டது. இழப்பைப் பாடும் பெண் குரல் என்ற அளவில் அது ஓரளவு பொருந்தும், அதற்குமேல் பொருந்தாது.

ப்ளூஸுக்கு அதன் தனி நிறத்தைத் தருவது ப்ளூ நோட் எனப்படும் சுரம். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் நின்று அசையும் காந்தாரம் அது. நிஷாதத்திலும் இதே போன்ற அசைவு உண்டு. குரலும் கிதார்க் கம்பியும் அந்த இடைவெளிக்குள் வழுக்கிப் போக முடியும். பியானோவில் கட்டைகளுக்கு நடுவே போக முடியாது என்பதால், பியானோ கலைஞர் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை நசுக்குவதுபோல அழுத்தி அந்த மயக்கத்தை உண்டாக்குகிறார். கமகம் பழகிய காதுக்கு இதில் அந்நியம் எதுவும் இருக்காது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பெயரில் ப்ளூஸ் என்று இருப்பதெல்லாம் ப்ளூஸ் அன்று. 'லைம்ஹவுஸ் ப்ளூஸ்' லண்டன் மேடைக்காக எழுதப்பட்ட 32 பார் மெட்டு. மறுபக்கம், ஜான் லீ ஹூக்கர் 1948-இல் டெட்ராய்டில் பதிவு செய்த 'பூகி சில்லன்' ஒரே சுரக்கூட்டில் நின்று, பன்னிரண்டு என்ற கணக்கையே பொருட்படுத்தாமல் போகிறது. அது ப்ளூஸ் இல்லை என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. சட்டகம் என்பது வழக்கம்தான், சட்டம் அன்று.

பக்கவாத்தியமும் சைட்மேனும்

ஓர் இசைப் பதிவின் முன்னட்டையில் பெரிய எழுத்தில் ஒருவர் பெயர் இருக்கும். அவர் அந்தப் பதிவின் தலைவர். பாடல்களைத் தேர்ந்து, ஆட்களைக் கூட்டியவர். மற்றவர்களைச் சைட்மேன் என்பார்கள். அவர்கள் பெயர்கள் பின்னட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும். கச்சேரியின் பக்கவாத்தியக்காரரை நினைத்தால் பாதி விளங்கிவிடும். ஒரு மிருதங்க வித்துவான் இன்று ஒரு பாடகருக்கும் நாளை ஒரு வேணுகானக்காரருக்கும் வாசிப்பதுபோலத்தான் சைட்மேனும் பல தலைவர்களோடு வாசிக்கிறார்.

மீதிப் பாதிதான் முக்கியமானது. கச்சேரியில் முதன்மைக் கலைஞர் யார் என்பது மாறுவதில்லை. ஜாஸில் இந்த வாரம் சைட்மேனாக இருப்பவர் அடுத்த வாரம் தம் பெயரில் ஒரு பதிவு செய்வார். இந்த வாரத்துத் தலைவர் அதில் சைட்மேனாக வந்து அமர்வார். 1958-இல் வெளிவந்த 'சம்திங் எல்ஸ்' என்ற பதிவின் தலைவர் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி. அதில் ட்ரம்பெட் வாசிக்கும் சைட்மேன் மைல்ஸ் டேவிஸ். அதே காலத்தில் டேவிஸின் குழுவில் ஆடர்லி சைட்மேன்.

அத்துடன், பன்னிரண்டு பார் சட்டகம் எல்லாருக்கும் தெரிந்த பொதுச் சொத்து என்பதால், ஒருவரை ஒருவர் அன்றுதான் சந்தித்தாலும் ஒத்திகை இல்லாமலே சேர்ந்து வாசித்துவிட முடியும். இத்தனை பேர் இத்தனை பேரோடு வாசிக்க முடிந்ததற்கு இதுவே காரணம். மெட்டை எல்லாரும் சேர்ந்து ஒருமுறை சொல்வார்கள். பிறகு ஒவ்வொருவரும் சில சுற்றுகள் தனியாகக் கற்பனை செய்வார்கள். முடிவில் மெட்டு திரும்பி வரும். பின்னட்டையில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பதிவுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சுகளில் எது உங்களைப் பிடித்து நிறுத்தியதோ, அதைப் பேசியவர்தான் நீங்கள் அடுத்துத் தேட வேண்டியவர்.

ஒரு சங்கிலி: பெஸ்ஸி ஸ்மித்திலிருந்து லீ மார்கன் வரை

இதைச் செய்து பார்த்துவிடுவோம். 1925 ஜனவரி 14 அன்று நியூயார்க்கில் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். டபிள்யூ. சி. ஹேண்டி 1914-இல் எழுதி அச்சிட்ட பாட்டு அது. அறையில் இருந்தவர்கள் மூவரே. பெஸ்ஸி பாட, ஃப்ரெட் லாங்ஷா வாசித்தது நம் பஜனை மடங்களில் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் உறவுக்காரக் கருவி; மூன்றாமவர் கார்னெட் வாசித்த 23 வயது லூயி ஆம்ஸ்ட்ராங். பெஸ்ஸி ஒரு வரியை இழுத்து முடித்ததும் காலியாகும் இடத்தில் ஆம்ஸ்ட்ராங் ஒரு சிறு வாக்கியம் சொல்கிறார். அடுத்த வரி, அடுத்த பதில். பாடகிமீது கவனம் வைத்து ஒருமுறை கேளுங்கள். பிறகு அவர் மூச்சு வாங்கும் இடங்களை மட்டும் இன்னொருமுறை கேளுங்கள். இரண்டாவது முறையில் அந்தக் கார்னெட் உங்களுக்குப் பிடித்துப்போனால், அடுத்த கண்ணி கிடைத்துவிட்டது.

மூன்றாண்டுகள் கழித்து, 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில், ஆம்ஸ்ட்ராங் தம் சொந்தக் குழுவோடு 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' என்பதைப் பதிவு செய்தார். இப்போது அவர் தலைவர். துணையின்றி ஒற்றை ட்ரம்பெட் மட்டும் ஒலிக்கும் அதன் தொடக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அதற்குப் பின் வருவதை. அதே பன்னிரண்டு பார். ஒரு சுற்றில் கிளாரினெட் கேட்க, ஆம்ஸ்ட்ராங் சொற்களில்லாத குரலில் பதில் சொல்கிறார். பெஸ்ஸியின் பதிவில் குரல் கேட்டது, கருவி பதில் சொன்னது, இங்கே தலைகீழ். அடுத்த சுற்று பியானோவுக்கு. அதை வாசிப்பவர் ஏர்ல் ஹைன்ஸ். பலருக்கு அந்தப் பதிவில் பிடிப்பது அந்தச் சுற்றுத்தான், எனக்கும்தான்.

ஹைன்ஸைப் பின்தொடர்ந்தால் ஒரு விந்தையான இருட்டு வருகிறது. 1943-இல் அவர் நடத்திய பெரிய குழுவில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர், ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, பாடகி சாரா வான் ஆகிய மூவரும் இருந்தார்கள். ஆனால் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் முதல் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு எதிராகப் பதிவு நிறுத்தம் அறிவித்திருந்த காலம் அது. ஆகவே அந்தக் குழு இசைத்தட்டில் இல்லை. புதிய ஜாஸ் உருவாகிக்கொண்டிருந்த நாட்களில் ஒலிப்பதிவு அறைகள் பூட்டிக் கிடந்தன. சங்கிலியில் இந்த ஒரு கண்ணியைக் கேட்க முடியாது. இருந்ததென்று தெரிந்துகொண்டு தாண்டத்தான் வேண்டும்.

தாண்டினால் 1945 நவம்பர் 26. சார்லி பார்க்கர் நியூயார்க்கில் தம் பெயரில் 'நவ்ஸ் தி டைம்' பதிவு செய்கிறார். மீண்டும் பன்னிரண்டு பார். சுரக்கூட்டுகளுக்கு இடையில் புதிய படிகள் சேர்ந்திருக்கின்றன, வாக்கியங்கள் எதிர்பாராத இடத்தில் தொடங்கி எதிர்பாராத இடத்தில் முடிகின்றன. என்றாலும் ஐந்தாவது பாரில் தரை நகர்வதை இப்போது உங்கள் காது கேட்டுவிடும். பார்க்கருக்குப் பின் ட்ரம்பெட் ஒன்று, விரல் ஓட்டத்தில் அவருக்கு ஈடுகொடுக்க முயலாமல், குறைவான சுரங்களில் நிதானமாகப் பேசுகிறது. அந்தப் பையனுக்கு வயது 19. பெயர் மைல்ஸ் டேவிஸ்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1959 மார்ச் 2 அன்று, தலைவராகிவிட்ட டேவிஸ் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தொகுப்புக்காக 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்பதைப் பதிவு செய்தார். ஜாஸ் கேட்கத் தொடங்கும் எவருக்கும் இந்தத் தொகுப்பைப் பரிந்துரைப்பது சடங்காகிவிட்டது. தொகுப்பு முழுவதையும் தலையில் கட்டாமல் இந்த ஒரு பாட்டிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பன்னிரண்டு பார்தான். ஆனால் கடைசி இரண்டு பாரில் வீட்டுக்கூட்டுக்கு வராமல் ஒரு படி கீழே இருக்கும் கூட்டில் நின்றுவிடுவதால், ஒவ்வொரு சுற்றும் படியேறாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவதுபோல முடியும். முதலில் பியானோவில் விண்டன் கெல்லி, பிறகு டேவிஸ், பிறகு கோல்ட்ரேன், பிறகு ஆடர்லி, கடைசியில் பாஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸ். ஒரே கணக்குக்கு ஐந்து விடைகள். தொகுப்பின் ஐந்து பாட்டுகளில் கெல்லி வாசிப்பது இந்த ஒன்றில்தான். மற்றவற்றில் பில் எவன்ஸ்.

இங்கிருந்து வழி ஐந்தாகப் பிரிகிறது. கெல்லியைப் பிடித்தவர்கள், அவரும் சேம்பர்ஸும் ட்ரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காபும் மூவராகவே கிதார்க் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரியுடன் சேர்ந்து செய்து 1965-இல் வெளிவந்த 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்' பக்கம் போகலாம். நான் சேம்பர்ஸின் பக்கம் போனேன். 1957 செப்டம்பர் 15 அன்று கோல்ட்ரேன் பதிவு செய்த 'ப்ளூ ட்ரெயின்' தொகுப்பிலும் பாஸ் அவர்தான். அதன் தலைப்புப் பாட்டும் பன்னிரண்டு பார்தான். அதில் கோல்ட்ரேனுக்கு அடுத்து வாசிக்கும் ட்ரம்பெட் கலைஞர் லீ மார்கன். அவருக்கும் அப்போது 19 வயது. ஆனால் டேவிஸைப்போல ஒதுங்கி நிற்பவர் அல்லர். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருபவர். அவர் தலைவராகி 1963 டிசம்பரில் பதிவு செய்த 'தி சைட்வைண்டர்' பன்னிரண்டை இரட்டித்து 24 பாராக நீட்டிய ப்ளூஸ்.

பெஸ்ஸி ஸ்மித்தின் ஆர்மோனியத்திலிருந்து இங்கே வந்து சேர நாம் எந்தப் பட்டியலையும் புரட்டவில்லை என்பதைக் கவனிக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் பதில் சொன்ன ஒருவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த பதிவுக்கு நடந்தோம். காலடியில் சட்டகம் மாறாமல் இருந்ததால் தடுமாறவில்லை.

சிகாகோவின் கிளை

ஜாஸ் பக்கம் போகாமல் ப்ளூஸிலேயே நிற்க விரும்புவோருக்கும் இதே வழிதான். மிசிசிப்பியிலிருந்து 1943-இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவே ஒரு பள்ளிக்கூடம். அவருக்கு மவுத் ஆர்கனில் பதில் சொன்ன லிட்டில் வால்டர், 1952-இல் வாட்டர்ஸின் குழுவையே பின்னால் வைத்துப் பதிவு செய்த 'ஜூக்' பெரும் வெற்றி பெற்றுத் தனித் தலைவரானார். பியானோவைத் தொடர்ந்தால் ஓட்டிஸ் ஸ்பான். 1964-இல் வெளிவந்த வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்' தொகுப்பில் இரண்டாவது கிதாரைத் தொடர்ந்தால் 'படி கை' (Buddy Guy) என்ற கலைஞர்.

பின்னட்டை எப்போதும் உண்மை சொல்லும் என்று நம்பிவிடவும் கூடாது. 1965-இல் மவுத் ஆர்கன் கலைஞர் ஜூனியர் வெல்ஸ் செய்த 'ஹூடூ மேன் ப்ளூஸ்' தொகுப்பின் முதல் அச்சுகளில் கிதார் வாசித்தவர் பெயர் 'ஃப்ரெண்ட்லி சாப்' என்று இருக்கும். இனிய தோழர் என்று பொருள் கொள்ளலாம். அவர் வேறு யாருமல்லர், படி கை. இன்னொரு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தவர் என்பதால் பெயரை மறைத்தார்கள். பார்க்கரும் ஆடர்லியும்கூட இப்படிப் பொய்ப்பெயரில் வாசித்ததுண்டு. ஆனால் ஒருவரின் ஒலி பழகிவிட்டால் பெயர் மறைந்தாலும் ஆள் மறைவதில்லை.

பிறருக்குச் சொல்லும்போது

பரிந்துரைப்பவர் செய்ய வேண்டியது, நாம் நமக்குச் செய்துகொண்ட இதே வேலையை எதிரில் இருப்பவரின் காதிலிருந்து தொடங்குவதுதான். "உங்களுக்கு ஜாஸ் பிடிக்குமா?" என்ற கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்காது. அவர் ஏற்கெனவே விரும்பிக் கேட்கும் ஏதாவது ஒரு பாட்டை எடுத்து, அதில் எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டால் கிடைக்கும். இடையிசையில் வரும் வயலின் என்பார் ஒருவர். பாடகரின் குரல் உடையும் இடம் என்பார் இன்னொருவர். தாளம் என்பார் மூன்றாமவர். குரலைச் சொன்னவருக்கு பெஸ்ஸி ஸ்மித், தாளத்தைச் சொன்னவருக்கு லீ மார்கன். தாளக்காரரிடம் ஸ்விங் என்பதை ஒரு வரியில் சொல்லி வைக்கலாம்: ஓர் எண்ணிக்கையை இரண்டாகப் பிரிக்கும்போது சமமாகப் பிரிக்காமல் முதல் பாதியை நீட்டி இரண்டாவதைச் சுருக்குவதால் வரும் ஊஞ்சலாட்டம் அது.

தொகுப்பைக் கொடுக்காதீர்கள், ஒரு பாட்டைக் கொடுங்கள். பாட்டோடு ஒரு வேலையையும் கொடுங்கள். "பாடகி மூச்சு வாங்கும்போது யார் பேசுகிறார் என்று பார்" என்ற அளவுக்குச் சிறிய வேலை போதும். எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்பவருக்குத்தான் பாத்திரம் விழும் ஓசை கேட்கிறது. பல செயலிகளில் தலைவரின் பெயர் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் என்பதால், வாசித்தவர்களின் பெயர்களை ஒரு வரியில் எழுதிக் கூடவே அனுப்பிவிடுவது நல்ல பழக்கம்.

முற்றிலும் புதியவருக்கு ஒன்றே ஒன்று கொடுக்க வேண்டுமென்றால் நான் ஒலிப்பதிவைக் கொடுப்பதில்லை, ஒரு காட்சியைக் கொடுக்கிறேன். 1957 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்த ஒரு நிகழ்ச்சியில், பாடகி பில்லி ஹாலிடே தாமே எழுதிய 'ஃபைன் அண்ட் மெல்லோ' என்ற பன்னிரண்டு பார் ப்ளூஸைப் பாடுகிறார். சுற்றிலும் சாக்ஸபோன் கலைஞர்கள் பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங், கோல்மன் ஹாக்கின்ஸ் முதலியோர். அவர் ஒரு சுற்று பாடுகிறார், ஒருவர் எழுந்து பதில் சொல்கிறார், மீண்டும் அவர். லெஸ்டர் யங் வாசிப்பது ஒரே ஒரு சுற்று, சுரங்களும் சொற்பம். அதைக் கேட்கும்போது பில்லியின் தலை அசைவதையும் முகம் மாறுவதையும் கேமரா அருகிலிருந்து காட்டுகிறது. 1959-இல் சில மாத இடைவெளியில் இருவரும் இறந்துபோனார்கள். அழைப்பும் பதிலும் என்றால் என்ன என்பதை நான் இவ்வளவு நேரம் எழுதியதைவிட அந்த முகம் விரைவாக விளக்கிவிடும்.

சுருங்கச் சொன்னால்: கேட்பவருக்குப் பிடித்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நெருக்கமான ஒரு பாட்டை, கவனிக்க வேண்டிய ஓர் ஆளோடு சேர்த்துக் கொடுப்பது.

நமக்கு அருகில் தொடங்கும் இழைகள்

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவருக்கு 1925-க்குப் போகாமலே நுழைவதற்கு வாசல்கள் உண்டு. கடம் விக்கு விநாயக்ராம் 1970-களில், இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழுவில் வாசித்தார். அக்குழுவின் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அதற்குமுன் 1969-இல் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' தொகுப்பில் சைட்மேன். கடத்திலிருந்து டேவிஸுக்கு இரண்டே எட்டு. இன்னொன்று, அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர். அவருடைய மூவர் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த மார்கஸ் கில்மோர், ராய் ஹெய்ன்ஸின் பேரன். ஹெய்ன்ஸோ 1940-களின் இறுதியில் சார்லி பார்க்கரின் குழுவுக்கு ட்ரம்ஸ் வாசித்தவர்.

மூன்றாவது வாசல் கோயம்புத்தூர்ப் பக்கம் திறக்கிறது. கோல்ட்ரேனின் மனைவியும் அவருடைய கடைசிக் குழுவின் பியானோ கலைஞருமான ஆலிஸ் கோல்ட்ரேன், கணவர் இறந்த சில ஆண்டுகளில், கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்காவில் யோகம் கற்பித்த சுவாமி சச்சிதானந்தரைக் குருவாகக் கொண்டார். 1971-இல் வெளிவந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா' தொகுப்பு அவர் பெயரைத் தாங்கியது. தம்புராவின் மீட்டல், ஆலிஸ் வாசிக்கும் யாழ் போன்ற ஹார்ப், அடியில் ஒரே வட்டமாகச் சுழலும் பாஸ். பன்னிரண்டு பார் இங்கே இல்லை. ஆனால் சுருதிமீது நின்று கற்பனை செய்வது நம் காதுக்குப் புதியதா என்ன?

சித்தப்பா மகனுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து நான் அனுப்பியது இந்தத் தொகுப்பின் தலைப்புப் பாட்டைத்தான். அவன் மனைவியின் ஊர் பல்லடம் என்பதால், செட்டிபாளையம் என்ற பெயரே பாதி வேலையைச் செய்துவிட்டது. மூன்று நாள் கழித்து, "அந்தப் பாட்டுல குழல் மாதிரி இழைஞ்சு வாசிக்கிறது யாருண்ணா?" என்று கேட்டான். சோப்ரானோ சாக்ஸபோன், ஃபரோவா சாண்டர்ஸ் என்று பெயரை மட்டும் அனுப்பினேன். அவன் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு காலத்தில் பின்னோக்கிப் போயிருக்கிறான். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடமிருந்து அழைப்பு வந்தது. சாண்டர்ஸ் 24 வயதில் பத்துப் பேரோடு சேர்ந்து வாசித்த ஒரு பதிவைக் கண்டுபிடித்திருப்பதாகவும், அதன் பெயர் 'அசென்ஷன்' என்றும், நான் அதைக் கேட்டிருக்கிறேனா என்றும் விசாரித்தான். பாத்திரம் விழவில்லையா என்று கேட்டேன். "விழுதுண்ணா. ஆனா இப்ப யார் தள்ளி விடுறாங்கன்னு தெரியுது" என்றான்.